பழைய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? பாலக்காடு, இடுக்கி எல்லை வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என நீளும் பாலக்காட்டின் கிழக்கு ஓரமும், மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி என நீளும் இடுக்கியின் கிழக்கு ஓரமும் தமிழ் புழங்கும் பகுதிகள். இங்குள்ள பல வீடுகளில் டிவியை ஒட்டி ஒரு பழைய 5.1 செட் இன்னும் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்பதே கேள்வி.

செட் வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்ற கணக்கு இதற்கு விடை தராது. கெட்டது எந்த உறுப்பு, வீடு இருப்பது எந்தத் தட்பவெப்பத்தில், கேட்பது எந்த அறையில் என்ற மூன்றும் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் ஸ்பீக்கர்தான் கடைசியாக மாற்ற வேண்டிய பொருள் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. எது மூப்படைகிறது

காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள் அசைய, அதோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளுகிறது. 1925-இல் அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்ட இந்த அமைப்புதான் இன்றைய ஸ்பீக்கரிலும் இருக்கிறது. எனவே 15 வருடப் பழைய ஸ்பீக்கர் ‘காலாவதியான தொழில்நுட்பம்’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபெரைட் காந்தமும் பத்து, இருபது வருடத்தில் பலம் இழப்பதில்லை.

2.1 ஈரம் தின்னும் உறுப்பு

கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் விளிம்பு வளையம் ரப்பராலோ, துணியாலோ, ஃபோமாலோ ஆனது. ரப்பர் பல பத்தாண்டுகள் தாங்கும். சிக்கல் ஃபோமில்தான். அதில் பெரும்பாலும் பயன்பட்டது பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் விரல் பட்டாலே மாவாக உதிரும். செட்டைப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். பெட்டியைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொல்பவரின் ஸ்பீக்கரும் உதிர்ந்துதான் கிடக்கும்.

மூணாறு, பீர்மேடு பக்கம் தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் சுவர் காய்வதில்லை. அங்கே ஃபோம் முதலில் போகும். காகிதக் கோனில் பூஞ்சணம் படியும். மரத்தூள் பலகைப் பெட்டியின் அடிப்பாகம் ஈரம் குடித்து உப்பும். மறையூரும் இடுக்கிதான், ஆனால் மலையின் மழைமறைவில் இருப்பதால் அங்கே இந்தச் சேதம் மெதுவாகவே நடக்கும். மாவட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

2.2 சூடு தின்னும் உறுப்பு

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கதை வேறு. மழை குறைவு, பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்று வீசும், கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். இங்கே ஃபோமுக்கு முன்னால் மின்தேக்கிகள் போய்விடும். எலெக்ட்ரோலைட்டிக் வகை மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. பேஸ் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் வைத்த செட்டுகளில் அந்த ஆம்ப் ஸ்டாண்ட்பையிலும் சூடாகவே கிடக்கிறது. முதலில் லேசான இரைச்சல் கேட்கும், பிறகு பேஸ் மெலியும், ஒருநாள் விளக்கு மட்டும் எரியும். பலர் இதை ‘ஸ்பீக்கர் போச்சு’ என்கிறார்கள். போனது சில மின்தேக்கிகள். பலகையைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் ஒருவர் மாலைக்குள் மாற்றித் தருவார்.

இரண்டு பகுதிக்கும் பொதுவான ஓர் எதிரி உண்டு: எலி. பேஸ் பெட்டியின் காற்றுத் துளை அதற்கு வாசல் போல. உள்ளே பஞ்சு, கடிக்க ஒயர். பெட்டியைக் கழற்றிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. சோதனை

ஆம்ப் ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளை ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் முனைகளில் முறையே நொடிப்பொழுது தொட வைத்தால் பெரிய கோன் வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது. கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்டால் சுருள் நடுவிலிருந்து விலகிவிட்டது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 சொச்சம் காட்டினால் சுருள் நலம். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

ஃபோம் மட்டும் உதிர்ந்திருந்தால் புதிய வளையம் ஒட்டலாம். சட்டத்தின் அளவைச் சொல்லி வளையம் வாங்கினால் பொருந்தாமல் போகலாம். கோனின் விளிம்பு விட்டத்தையும் அளந்து கொண்டுபோக வேண்டும். பாலக்காட்டு எல்லைக்காரர்கள் இதற்குப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போகலாம். இடுக்கிக்காரர்கள் போடி, கம்பம், தேனிப் பக்கம் இறங்கலாம்.

4. அறை

புதுச் செட் வாங்கியவர்களின் ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் அறைதான், அதிலும் பேஸ்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் 3.5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 49 ஹெர்ட்ஸ், அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். இந்த இரண்டு சுரங்களையும் அறையே பெருக்கிக் காட்டும். பாட்டில் ‘டம் டம்’ என்று ஒரே இடத்தில் முட்டும் ஓசை அதுதான். எத்தனை ஆயிரம் கொடுத்துப் புதிய சப்ஊஃபர் வாங்கினாலும் அதே 49-இலும் 57-இலும்தான் முட்டும். பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்துவது செலவில்லாத வைத்தியம். லயத்தில் இன்னொன்றும் உண்டு: சுவர் பொதுச் சுவர். பேஸ் ஒலியை அந்தச் சுவர் தடுக்காது. விடிகாலையில் எழுந்து கொழுந்து பறிக்கப் போகும் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தையும் கணக்கில் சேர்த்தால் பெரிய பேஸ் பெட்டி அங்கே மேம்பாடே அல்ல.

பாலக்காட்டு ஓட்டு வீட்டில் இதற்கு நேர் எதிர். ஓட்டிடுக்கிலும் திறந்த முற்றத்திலும் பேஸ் வெளியேறிவிடும். செட் பலவீனம் என்று தோன்றும். பேஸ் பெட்டியைச் சுவரோரம் தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

தகரக் கூரையில் மழை பெய்யும்போது வசனம் கேட்பதில்லை என்பதுதான் மலைப்பக்கத்தின் முதல் குறை. ‘வாட்ஸ் கூட்டலாம்’ என்று கடைக்காரர் சொல்வார். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காது அதைச் சிறு மாற்றமாகத்தான் உணரும். இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட், வேண்டும். பெட்டியில் ஒட்டியிருந்த ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்ற தாளுக்கு அளவியலில் இடமே இல்லை. மழைக்கு வேண்டியது நடு ஸ்பீக்கர். அதைக் காதின் உயரத்துக்குத் திருப்பி, அதன் அளவை மட்டும் 3, 4 டெசிபெல் ஏற்றினால் வசனம் முன்னே வரும்.

5. புதிய ஒலி வடிவமும் பழைய கூரையும்

தமிழ்ப் படங்களின் ஒலி வேகமாக மாறியது. 1995-இல் வந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம். 2012-இல் ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸில் வெளியானது. நம் வீட்டுச் செட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் வாங்கியவை, அவற்றுக்கு 5.1 போதும்.

தலைக்கு மேலிருந்து ஒலி வரும் என்பதே அட்மாஸின் கவர்ச்சி. வீட்டு சவுண்ட்பார்கள் மேல்நோக்கி ஒலியை எறிந்து, கூரையில் பட்டுத் திரும்பச் செய்கின்றன. அதற்குத் தட்டையான, கெட்டியான, சுமார் 8 முதல் 12 அடி உயரக் கூரை வேண்டும். சரிந்த ஓடும் வரிவரியான தகரமும் ஒலியைச் சிதறடிக்கும். கான்கிரீட் மட்டப்பா வீட்டுக்காரர் அட்மாஸைப் பரிசீலிக்கலாம். மற்றவர் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம்.

6. இணைப்பு

செட்டை உண்மையிலேயே பழையதாக்குவது பின்பக்கத் துளைகள்தான். பல டிவிடி செட்டுகள் தம் தட்டிலிருந்து மட்டுமே 5.1 பிரிக்கும், டிவியிலிருந்து சிவப்பு, வெள்ளை ஒயரில் வருவது வெறும் ஸ்டீரியோ. ஆப்டிகல் துளை இருந்தால் டால்பி டிஜிட்டல் 5.1 வரும், டிவி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்றிருப்பதை ‘பிட்ஸ்ட்ரீம்’ என மாற்ற வேண்டும். இதைச் செய்யாமலேயே பின் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் அநேகம். ஓடிடி தளங்கள் அட்மாஸை அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகலில் போகாது, அதற்கு எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வேண்டும்.

ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு ரிசீவரை மட்டும் மாற்றுவதே இந்நிலையில் சரி. ஓர் எச்சரிக்கை: செட்டோடு வந்த சிறு ஸ்பீக்கர்கள் சில 3, 4 ஓம், அவற்றின் ஒயர் பிளக்கும் தனி வடிவம். 6 முதல் 8 ஓம் வரை கேட்கும் ரிசீவரில் அவற்றை மாட்டினால் ரிசீவர் சூடேறிப் பழுதாகும். அப்படிப்பட்ட செட்டில் ஆம்பும் போய்விட்டால் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும்.

7. இடி

துலா மாதத்து இடியும் கோடை மழையின் இடியும் இந்த மலைச்சரிவில் கருவிகளைக் கொல்பவை. பிளக்கைப் பிடுங்கினாலும் டிஷ் ஒயர் வழியே வரும் மின்னெழுச்சி செட்டாப் பாக்ஸில் இறங்கி, எச்.டி.எம்.ஐ. வழியே டிவிக்கும் செட்டுக்கும் பாயும். இடி நேரத்தில் இரண்டையும் கழற்ற வேண்டும். தனித்தனிக் கருவிகளாக இருந்தால் ஒன்று போனாலும் மற்றவை மிஞ்சும். ஆம்ப் இல்லாத வெறும் ஸ்பீக்கர் பெட்டியில் எரிந்துபோக மின்னணுப் பலகை இல்லை. எல்லாவற்றையும் ஒரே உடலில் அடைத்த சவுண்ட்பாரில் பலகை எரிந்தால் ஸ்பீக்கரும் சேர்ந்தே உபயோகமற்றுப் போகும். மலைப்பக்கத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய பெட்டிகளின் பக்கம் சாய்கிறேன்.

8. செலவும் பருவமும்

பழுதுபார்க்கும் செலவு அதே தரத்துப் புதிய ஸ்பீக்கரின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது என் அளவுகோல். பலகை உப்பிப் பிளந்த பெட்டிக்கு அந்தக் கணக்கும் வேண்டாம். சுருள் நன்றாக இருந்து வளையம் மட்டும் போன 8 அங்குல ஸ்பீக்கரைத் தூக்கி எறிவது வீண்.

வளையம் மாற்றும் வேலையை மலைக்காரர்கள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஈரக் காற்றில் காய நாளாகும். அதற்குள் கோன் நடுவிலிருந்து நகர்ந்தால் சுருள் உரசும். மாற்றும்போது ரப்பர் வளையம் கிடைத்தால், கோன் அதன் எடையைத் தாங்கும் என்று கடைக்காரர் உறுதி சொன்னால், மூணாற்றுக்காரர் அதையே கேட்டு வாங்கட்டும். கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு ஃபோமே போதும்; மிச்சப் பணத்தில் ஆம்பின் மின்தேக்கிகளை 105 டிகிரி வகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.