சோற்றை முகர்ந்துவிட்டுப் போகும் காவல்நாய்க் குட்டி: மலைத்தோட்ட விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, கூக்கால் பகுதிகளில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு பயிரிடுபவர்களுக்கும், கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பி, மிளகு, மலைவாழை வைத்திருப்பவர்களுக்கும் காவல்நாய் அவசியமான துணை. இரவில் காட்டுப்பன்றி இறங்குவதையும் காட்டுமாடு வேலியோரம் நிற்பதையும் முதலில் சொல்வது அதுதான். அதற்காகவே கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று விசாரித்துக் கீழ்நாட்டிலிருந்து குட்டி வாங்கி வருகிறார்கள். பலர் ஊரில் ஈன்ற நாட்டுக் குட்டியையே எடுத்து வளர்க்கிறார்கள். இரண்டு தரப்பினரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குட்டி சோறு தின்ன மாட்டேங்குது, பிஸ்கட் கொடுத்தா மட்டும் தின்னுது, என்ன செய்யறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குட்டி சாப்பிட முடியாமல் இருக்கிறதா, அல்லது சாப்பிட மறுக்கிறதா? முதலாவது நோய். அதில் ஒரு நாள் தாமதித்தாலும் குட்டி கையை விட்டுப் போய்விடலாம். இரண்டாவது பழக்கம். அதைப் பொறுமையாக மாற்றிக்கொள்ளலாம்.

நோயா, அடமா?

அடம்பிடிக்கும் குட்டி தட்டை விட்டு விலகினாலும் ஓடி விளையாடும், சாணம் கெட்டியாகப் போகும், எடை வாரந்தோறும் கூடும். ஒரு துண்டு அவித்த முட்டையை நீட்டினால் பாய்ந்து வரும். அந்த முட்டையையும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குட்டியை நோயாளி என்றே கருத வேண்டும்.

அடுத்து உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இரத்தத்தைக் குறைத்திருக்கலாம். காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரல்களுக்கு இடையில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பான சூடு. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வது நம்பகமானதல்ல.

குட்டிகளை அதிகம் கொல்லும் நோய் பார்வோ. முதல் நாள் சாப்பாட்டை விடும், சோர்ந்து படுக்கும். அடுத்து வாந்தி, பிறகு நாற்றத்துடன் இரத்தக் கழிச்சல். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். முன்பு ஒரு குட்டி கழிச்சலில் செத்த வீட்டில், அதே இடத்தில், தடுப்பூசி போடாத புதுக்குட்டியைக் கட்டவே கூடாது. தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்துவது போடாததற்குச் சமமாகிவிடலாம். குடற்புழு மருந்தும் அப்படித்தான். 2 வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என 3 மாதம் வரையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும் எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும்.

3 மாதத்துக்கு உட்பட்ட குட்டி 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். சின்னக் குட்டியின் உடலில் சேமிப்பு குறைவு. மலைக்குளிரில் இரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கி நடுங்கத் தொடங்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள், அல்லது 1962 எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

4 முதல் 6 மாதம் வரையுள்ள குட்டி கெட்டி உணவை மட்டும் வாயில் எடுத்துக் கீழே போட்டால் பல் விழுந்து முளைக்கிறது என்று பொருள். சில நாள் குழைவாகக் கொடுத்தால் போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாய் திடீரென உணவை மறுக்கிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வழிகிறது, குரல் மாறியிருக்கிறது என்றால் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்" என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோய் இப்படியும் தொடங்கும். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

மலைப்பூண்டு நமக்கு மருந்து, நாய்க்கு அல்ல

பசி எடுக்கட்டும், வயிற்றுப் பூச்சி விழட்டும் என்று பூண்டைத் தட்டிச் சோற்றில் பிசைந்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் ஊரில் இது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. சமைத்தாலும் காய வைத்தாலும் இந்தத் தன்மை போகாது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்கு இணையான சாற்றை 7 நாள் கொடுத்தபோது நாய்களின் சிவப்பணு எண்ணிக்கை குறைந்தது. 5 கிலோ குட்டிக்கு இந்த அளவு வெறும் 25 கிராம். ஈறு வெளிறுவதும் மூச்சு வாங்குவதும் தின்ற அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் யாரும் பூண்டைச் சந்தேகிப்பதில்லை. வெங்காயம், பூண்டு போட்டுத் தாளித்த கறிக்குழம்பைச் சோற்றில் ஊற்றிக் கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

கொடைக்கானலில் கடைக்குக் கடை கிடைக்கும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. கறுப்புச் சாக்லேட் 20 கிராம் தின்றாலே 5 கிலோ குட்டிக்கு வாந்தியும் படபடப்பும் வரலாம். காப்பிக் கொட்டை, திராட்சை, பச்சை நிறமேறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கு, பிளம்ஸ் கொட்டை இவற்றையும் குட்டிக்கு எட்டாமல் வையுங்கள். பட்டர் புரூட் கொட்டையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். எலி மருந்து, நத்தை மருந்து, குருணை மருந்து வைத்த தோட்டத்தில் குட்டியை அவிழ்த்துவிட்டிருந்தால், அது சாப்பிடாததற்குக் காரணத்தை முதலில் அங்கே தேடுங்கள். மருத்துவரிடம் போகும்போது மருந்துப் பையையோ புட்டியையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது சட்டவிரோதம். அதைக் கடித்து வாய் சிதைவது பெரும்பாலும் பன்றியோடு நிற்பதுமில்லை.

அடத்தைக் கற்றுக்கொடுப்பது யார்?

நோய் இல்லை என்று உறுதியானால், குட்டி ஒரு நாளில் என்னென்ன தின்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதிப் பாருங்கள். காலையில் பாட்டி டீயில் நனைத்த பன் கொடுத்திருப்பார், பள்ளிக்குப் போகும் பிள்ளை நான்கு பிஸ்கட், களையெடுக்க வந்தவர்கள் வடை, மாலையில் பக்கத்து வீட்டில் கோழித்தலை. இத்தனையும் 5 கிலோ குட்டிக்கு ஒரு நாள் உணவில் பாதியைத் தாண்டிவிடும். பிறகு இரவில் வெறுஞ்சோற்றை வைத்தால் முகர்ந்துவிட்டுத்தான் போகும்.

இன்னொன்று, சோற்றை மறுத்தவுடன் நாம் பால் ஊற்றுகிறோம், அதையும் மறுத்தால் முட்டை, அதையும் மறுத்தால் கறி. "பொறுத்திருந்தால் நல்லது வரும்" என்று குட்டி கற்றுக்கொள்கிறது. புத்தியுள்ள குட்டிதான் இதை விரைவாகக் கற்கும் என்பது என் எண்ணம். உடன்பிறப்புகளோடு முண்டியடித்துத் தின்று பழகிய குட்டி, தனியாக வந்த முதல் இரண்டு மூன்று நாள் குறைவாகத் தின்பதும் இயல்பே. அந்த நாட்களில்தான் வீட்டார் பதறிப் பிஸ்கட்டைத் தொடங்குகிறார்கள். 6 மாதத்துக்குப் பின் வளர்ச்சி வேகம் குறைவதால் தீனியும் குறையும். அதை அடம் என்று எண்ண வேண்டாம்.

ராஜபாளையம் வாங்கியவர்கள் இன்னொன்றும் பாருங்கள். வெள்ளை நிறமுள்ள இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. தட்டைத் தட்டிக் கூப்பிட்டும் வராத குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

எப்படிக் கொடுப்பது?

3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, பிறகு 2 வேளை. நேரமும் இடமும் மாறக் கூடாது. ஒருவரே கொடுப்பது நல்லது. தட்டை வைத்து 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். தின்னவில்லை என்றால் பேசாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். கெஞ்சுவதும் ஊட்டுவதும் திட்டுவதும் வேண்டாம். 3 மாதம் தாண்டிய நலமான குட்டி ஒன்றிரண்டு வேளை விட்டாலும் கெட்டுப்போகாது, பெரும்பாலும் சில நாளில் வழிக்கு வந்துவிடும். ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் இந்த முறையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே கெடுவது பெரும்பாலும் வீட்டாரால்தான். நாலு பேர் உறுதியாக இருந்து ஐந்தாமவர் இரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாய் சுவையைவிட மணத்தைப் பார்த்தே தின்னும். மார்கழி, தை உறைபனியில் ஆறி விறைத்த சோற்றில் மணமே எழாது. கொஞ்சம் வெந்நீரோ, உப்பும் மசாலாவும் போடாத எலும்புச் சாறோ ஊற்றி, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் வையுங்கள். பல குட்டிகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதும். கருவாடு சேர்ப்பவர்கள் நன்றாக ஊற வைத்து உப்பை அலசிவிட்டு, முள் நீக்கிச் சிறிதளவு சேர்க்கலாம்.

குட்டி தின்ன மறுப்பதில் சில நேரம் நியாயமும் உண்டு. வளரும் குட்டிக்கு உணவின் உலர் எடையில் 22 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். அரிசியில் சுமார் 7 சதவீதம்தான். ரேஷன் அரிசிச் சோறும் பாலும் மட்டும் கொடுத்தால் வயிறு பெருக்கும், எலும்பு வளையும். பால் கூடினால் கழிச்சலும் வரும்.

4 மாத வயதில் 5 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களி, 40 கிராம் அரிசியைக் குழைய வேக வைத்த சோறு, எலும்பில்லாத கோழிக்கறி 80 கிராம், முட்டை ஒன்று, சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதோடு அவித்து மசித்த கேரட் ஒரு கைப்பிடி. அவித்துக் காய வைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் சுண்ணாம்புச் சத்துக்கு ஆகும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்துவிட வேண்டும், இல்லையென்றால் கறியை மட்டும் பொறுக்கிவிட்டுக் களியை விட்டுவிடும். இதை 3 வேளைக்குப் பிரித்துக் கொடுங்கள். ஈரல் வாரம் இரண்டு முறை போதும். வேக வைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், கொடுக்கவே கூடாது. கடையில் விற்கும் குட்டித் தீவனம் கொடுப்பவர்கள் முட்டை ஓட்டுத்தூள் சேர்க்க வேண்டாம். பெரிய உடலுள்ள இனங்களில் கூடுதல் சுண்ணாம்புச் சத்து எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாறாதீர்கள். கால் பங்கு புதியது என்று தொடங்கி ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். வாரம் ஒரு முறை, உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் குட்டியைச் சாக்குப்பையில் வைத்து எடை பார்த்துக் குறித்து வையுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் தீனி அளவு சரி. 6 மாதத்துக்கு முன் இரண்டு வாரம் தொடர்ந்து எடை கூடவில்லை என்றால், நன்றாகத் தின்றாலும் சாணத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். புழு முட்டை இருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்வார்.