பாடும் முகத்துவாரமும்

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் நீர் ஆவியாகிறது. மழையில்லாமல் நூறு நாள் போனால் ஏரியில் பாதி வானத்துக்குப் போய்விடும். அந்தப் பாதியைக் கடல் ஈடுகட்ட வேண்டும். அதற்கு இருக்கும் வழி முகத்துவாரம்.

1610இல் டச்சுக்காரர்கள் இங்கே வணிக நிலையம் வைத்தார்கள்; 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். அவர்களுடைய பெரிய கப்பல்கள் ஏரிக்குள் நுழைந்ததில்லை. கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு படகில் போய் வரும். கோட்டையும் கல்லறைத் தோட்டமும் புத்தகத்தில் இடம்பிடித்துவிட்டன. அந்தப் படகுகள் நம்பியிருந்த வாய்க்கு யாரும் சரித்திரம் எழுதவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பொன்னேரியில் வேதியியல் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களை அங்கே கூட்டிப்போவேன். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் நல்ல தண்ணீர் லேசானது. மேலாக ஓடிக் கடலில் சேரும். கனமான கடல்நீர் அடியில் புகுந்து உள்ளே வரும். மே மாதம் போனால் கதை தலைகீழ். ஒரு ஜாடியில் கடல்நீர், இன்னொன்றில் ஏரிநீர் வைத்து, அடர்த்திமானியை மிதக்கவிடுவோம். ஏரிநீரில் அதன் தண்டு இன்னும் உயரத் தூக்கி நிற்கும்; அதாவது ஏரிநீர்தான் கனம். "சார், சுடுதண்ணி லேசாத்தானே இருக்கணும்?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் ஏறும் கனத்தை ஈடுகட்ட ஏறக்குறைய இரண்டரை டிகிரி சூடு வேண்டும். ஏரியில் உப்பு பத்துக் கிராம் கூடிவிடுகிறது, சூடோ கடலைவிட நாலைந்து டிகிரிதான் அதிகம். உப்புதான் ஜெயிக்கும். விடியற்காலையில் அந்தச் சூடும் இருக்காது. ஆழமில்லாத நீர் ராத்திரியில் சீக்கிரம் ஆறிவிடும். அப்போது கனத்த ஏரிநீர் அடியோடு வெளியே நழுவும், கடல்நீர் மேலாக உள்ளே வரும்.

ஆனால் காற்று அடித்தால் ஒரு மீட்டர் நீர் முழுக்கக் கலங்கிவிடும், அடுக்கு நிற்காது. முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமான ஓடையில்தான் இந்தப் போக்குவரத்துக்கு இடமுண்டு. அந்த ஓடையும் தூர்ந்துபோகும். வருஷத்தில் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கரையில் ஓதம் ஏறி இறங்குவதே ஒரு மீட்டர் அளவுதான், மணலை அறுக்க அதற்கு வலு போதாது. ஆற்று வெள்ளம் வந்தால் வாய் திறக்கும். மழை பொய்த்த ஆண்டில் மூடிக்கொள்ளும். மூடியபின் வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. வடக்கே, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபுறமும் கோடையில் வெள்ளைப் பொருக்கு படிந்த சேறு வெடித்துக் கிடக்கும்.

இதையெல்லாம் கருவியில்லாமல் அறிந்தவர்கள் குப்பத்து மீனவர்கள். 'பாடு' என்ற அவர்களுடைய பங்கீட்டு முறையே அதற்குச் சான்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல நீரோட்டமுள்ள இடங்களைப் பங்கு வைத்து, முறைபோட்டு வலை கட்டுகின்றன. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏரிக்குள் வந்து சில மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். போகவும் வரவும் வழி ஒன்றுதான் என்பதால் அந்த வழியோரத்துக்குத்தான் கிராக்கி. ஏரி முழுக்க நீர் கிடந்தாலும் பங்கு பேசுவது அந்தச் சிறு பரப்பைப் பற்றித்தான்.

வாய் அடைத்த ஆண்டில் முறை வந்தவருக்கு இடம் இருக்கும், இறால் இருக்காது. அப்போது ஊர்க்காரர்கள் மண்வெட்டியும் கூடையுமாகப் போய்த் தாங்களே மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். இருபுறமும் கற்சுவர் எழுப்பி முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுவந்தது இந்த அனுபவத்தில்தான்.