நல்லா பாஸ் ஆன சோதனை: கொமெட் விமானத்தோட கதை

வைத்திக்குப்பத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு உலோகச் சோர்வு, அதாவது ஃபட்டீக் பத்தின ஒரு வரலாறு.

கம்பிய முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா அறுந்துடும் இல்லையா, அதுதான் ஃபட்டீக். ஒவ்வொரு சுமைக்கும் விரிசல் கொஞ்சம் வளரும். ஆனா நிஜத்துல சுமை ஒரே அளவா வராது. நம்ம கடல்ல சின்ன அலைகளுக்கு நடுவுல திடீர்னு ஒரு பெரிய அலை வர்ற மாதிரிதான். அந்தப் பெரிய அடி விரிசல வேகமாக்கும்னுதான் தோணும். பல நேரம் அதுக்கு நேர்மாறா நடக்கும்.

கொமெட், உலகத்தோட முதல் ஜெட் பயணிகள் விமானம். 1952-ல சேவைக்கு வந்துச்சு. 1954 ஜனவரி 10, சிங்கப்பூர்ல கிளம்பி கல்கத்தா, ரோம் வழியா லண்டன் போன கொமெட் எல்பா தீவுப் பக்கம் நடுவானத்துல உடைஞ்சது. 35 பேர் இறந்தாங்க. ஏப்ரல் 8-ல நேப்பிள்ஸ் பக்கம் இன்னொரு கொமெட், 21 பேர்.

ஒவ்வொரு பயணத்துலயும் கேபினுக்குள்ள காத்தழுத்தம் ஒரு தடவ ஏறி இறங்கும். முதல் விமானம் பறந்தது 1,290 தடவ, ரெண்டாவது சுமார் 900. ஆனா கம்பெனி சோதனையில கேபின் 16,000 தடவைக்கு மேல தாங்கியிருந்துச்சு! எப்படி?

சோதனை பண்ணின அதே கேபினுக்கு, பலம் பாக்க, முன்னாடியே ரெண்டு மடங்கு அழுத்தம் கொடுத்திருந்தாங்க. ஜன்னல் மூலையில உலோகம் லேசா நீண்டு போச்சு. அழுத்தம் இறங்கினதும் சுத்தியிருந்த உலோகம் அத இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் வந்த சாதாரண அழுத்தத்தால அங்க விரிசல சுலபமா திறக்க முடியல. ஃபார்ன்பரோவுல, ஏற்கெனவே பறந்த வேற ஒரு கொமெட்ட தண்ணித் தொட்டியில வெச்சு சோதிச்சாங்க. பறந்ததையும் சேத்து சுமார் 3,060 தடவையில அது கிழிஞ்சது.

1945-ல மைனர் பிரபலமாக்கின கணக்கு, ஒவ்வொரு சுமையோட சேதத்தையும் வெறுமனே கூட்டும். எது முதல்ல வந்துச்சுன்னு கேக்காது. 1970 வாக்குல எல்பர், சுமை முழுசா இறங்கறதுக்கு முன்னாடியே விரிசல் மூடிக்குதுன்னு காட்டினார். 1972-ல வீலர், பெரிய சுமைக்கு அப்புறம் வளர்ச்சி எவ்வளவு குறையும்ங்கறதுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்.

நம்ம புரோகிராமர் பாஷையில சொன்னா, உலோகத்துக்கு ஸ்டேட் இருக்கு. சுமையோட வரிசைய மாத்தினா ஆயுளும் மாறும். அதனால ஒரு பாகம் டெஸ்ட்டுல பாஸ்னு யாராவது சொன்னா, இதையும் கேளுங்க: அந்த டெஸ்ட்டுக்கு முன்னாடி அதுக்கு என்ன நடந்துச்சு?