மிச்சம் ரெண்டும் ஆருக்கு?

தங்கச்சி தரம் 4. போன கிழமை அவளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடு என்று உம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டா. 17 மாங்காயை 5 பேருக்குச் சமனாகப் பங்கு வைக்க வேணும். ஈவு 3, மீதி 2. சரியாக எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: “அப்ப மிச்சம் ரெண்டும் ஆருக்கு?”

“மீதி எண்டு எழுதினாச் சரி, புள்ளி தருவாங்க” என்று சமாளித்தேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே கிடந்தது. தேடிப் பார்த்தால், பழைய காலத்து ஆக்கள் அந்த மிச்சத்தை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை.

முதலில் நம்ம தமிழ்ப் பக்கம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் முழு எண்ணோடு கீழ்வாய் எண்களும் சேர்ந்தே வரும். அரை, கால், அரைக்கால், 20இல் ஒன்று மா, 80இல் ஒன்று காணி, 320இல் ஒன்று முந்திரி. 17ஐ 5ஆல் வகுத்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்றும் எட்டு மாவும். மீதியே இல்லை. ஆனால் ஒன்றை மூன்றாகப் பிரிக்கச் சொன்னால் சிக்கல். ஆளுக்கு 106 முந்திரி போக 2 முந்திரி மிஞ்சும். முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றார்கள். அதிலும் ஒன்று மிஞ்சத்தான் செய்யும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பிள்ளைகள் விரலால் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். 1789இல் சென்னையில் அநாதைப் பள்ளியொன்றைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்து, தன் பள்ளியிலும் நடைமுறைப்படுத்தி, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனதில் நம்ம மணலும் இருந்தது.

அரபுலகத்திலும் கணக்கு புழுதியில்தான். இந்திய இலக்கங்களைக் கொண்டு, புழுதி தூவிய பலகையில் போடுவதால் ‘ஹிசாபுல் குபார்’, அதாவது புழுதிக் கணக்கு, என்றே பெயர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி இதைப் பற்றி எழுதிய நூலின் அரபு மூலம் இப்போது இல்லை, லத்தீன் வடிவம்தான் மிஞ்சியிருக்கு. அதில் ஒரு கணக்கு: 46468ஐ 324ஆல் வகுக்க வேணும். பெரிய எண்ணை எழுதி, அதன் இடது பக்க இலக்கங்களுக்குக் கீழே 324ஐ வைக்கிறது. ஈவின் முதல் இலக்கத்தை மேலே எழுதி, பெருக்கிக் கழித்து, பழைய இலக்கங்களை விரலால் அழித்து, 324ஐ ஒரு இடம் வலப்பக்கம் தள்ளுகிறது. திரும்பவும் அதே வேலை. முடியும்போது பலகையில் மூன்று எண்கள்தான் இருக்கும். மேலே 143, நடுவில் 136, கீழே 324.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மீதி 136 எங்கேயும் போகவில்லை, 324இன் தலைக்கு மேலேயே குந்தியிருக்கு. நடுவில் ஒரு கோடு கிழித்தால் அது பின்னம்! வகுத்தலும் பின்னமும் வேற வேற பாடம் என்று நமக்குப் படிப்பித்தது எவ்வளவு அநியாயம்.

புழுதியில் ஒரு குறை உண்டு. அழிந்த பிறகு எங்கே பிழைத்தது என்று பார்க்க ஏலாது. 952இல் திமிஷ்கில் அல் உக்லீதிஸி அழிக்காமல் தாளிலும் மையிலும் செய்யும் வழிகளை எழுதினார். தெருவோரச் சாத்திரக்காரரும் புழுதிப் பலகை வைத்திருந்ததால் அது மரியாதைக் குறைவு என்றும் அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

இவ்வளவு கவனமாக ஏன் வகுத்தார்கள்? ஒரு காரணம் நம்ம வீடுகளிலேயே இருக்கு. அல் குவாரிஸ்மியின் அல்ஜப்ரா நூலில் பெரும் பகுதி வாரிசுக் கணக்குத்தான். ஒருவர் மனைவியையும் இரண்டு மகன்மாரையும் மூன்று மகள்மாரையும் விட்டு மவுத்தாகிறார், 24 ஏக்கர் வயல் இருக்கு என்று வையுங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 ஏக்கர். மிச்சம் 21இல் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. மகன்மாருக்கு ஆறு ஆறு, மகள்மாருக்கு மூன்று மூன்று. இலங்கையில் 1931இன் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றமும் இப்படித்தான் பிரிக்கும். (நம்ம ஊரில் வீடு அதற்கு முந்தியே சீதனமாகப் போயிருக்கும், அது தனிக் கட்டுரை.)

சில நேரம் மிச்சத்துக்குப் பதிலாகப் பற்றாக்குறை வரும். மனைவி, தாய், தகப்பன், இரண்டு மகள்மார் என்றால் 24 பங்குக்கு 3, 4, 4, 16 கொடுக்க வேணும். கூட்டினால் 27! அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் மிம்பரில் நிற்கும்போது இதைக் கேட்டார்களாம். பேச்சை நிறுத்தாமலே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. அதாவது சொத்தை 27ஆகப் பிரித்து, எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. ஒருத்தரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர். இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் இந்த முறையை ஏற்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கு.

நேற்று பின்னேரம் தங்கச்சியைக் கூப்பிட்டு மிச்சம் ரெண்டு மாங்காயையும் ஐந்து ஐந்து துண்டாக வெட்டினேன். ஆளுக்கு இரண்டு துண்டு. “அப்ப மீதி இல்ல” என்றாள். சரி, 17ஐ 3 பேருக்குக் கொடு என்றேன். ஆளுக்கு 5, மிச்சம் 2. கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்தவள், கத்தியை எடுக்க குசினிக்குப் போனாள்.