குடற்புண் அறுவையிலிருந்து உடற்பருமன் அறுவை வரை: இராயபுரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உடற்பருமனுக்கான இரைப்பை அறுவைகள் அண்மைக்காலப் புதுமைகளாகவே பொதுவெளியில் பேசப்படுகின்றன. அவற்றுள் முதன்மையான பைபாஸ் முறை, குடற்புண்ணுக்கென ஒரு நூற்றாண்டுக் காலம் செய்யப்பட்டுவந்த அறுவையிலிருந்து கிளைத்ததாகும். அவ்வறுவை மிகுதியாக நடந்த நிலங்களுள் தென்னிந்தியாவும் ஒன்று. அந்த வழித்தடத்தைத் தொகுத்துக் காணும் இக்கட்டுரை, பல்வகை எடைக்குறைப்பு அறுவைகளுள் எதைத் தேர்வது என்னும் வினாவை வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் நிறுத்திப் பார்க்கிறது. எத்தனை கிலோ குறையும் என்பதைக் காட்டிலும், அறுவைக்குப் பின் நோயாளி வாழவேண்டிய வாழ்க்கை எத்தகையது என்பதே தெரிவின் அளவுகோலாக வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இராயபுரம், ஸ்டான்லி மருத்துவமனை, குடற்புண், இரைப்பை பைபாஸ், ஸ்லீவ் அறுவை, நீரிழிவு, இரத்தசோகை.

கஞ்சித்தொட்டியும் நீரிழிவும்

இராயபுரத்தை ஒட்டி நிற்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் வழக்கம் வடசென்னையில் உண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே இம்மருத்துவமனையின் மூலம். ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய மருத்துவப் பள்ளி 1938 ஜூலை 2 அன்று கல்லூரியாக உயர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1948இல், பேராசிரியர் எம். விசுவநாதன் இங்கே நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை நிறுவினார். இந்தியாவில் இத்தகைய பிரிவு இதுவே முதலாவது. 1954இல் அவர் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையும் இராயபுரத்திலேயே அமைந்தது.

பஞ்சத்தில் பிறந்த ஒரு மருத்துவமனை, மிகையுணவின் நோய் என்று அறியப்பட்ட ஒன்றுக்கு நாட்டிலேயே முதலில் கதவைத் திறந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அதன் பின் வந்த எண்கள் தற்செயலானவை அல்ல. சென்னை நகரின் வயது வந்தோரிடையே நீரிழிவு 1989இல் 8.3 விழுக்காடாகவும், 1995இல் 11.6 ஆகவும், 2000இல் 13.5 ஆகவும், 2004இல் 14.3 ஆகவும் பதிவாகியுள்ளது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 40.4 விழுக்காட்டினர் மிகையெடையோ பருமனோ உடையவர்கள். அதே ஆய்வு, அதே வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் கூறுகிறது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் வழக்கம் அரிது. எடைக்குறைப்பு அறுவையைப் பொறுத்தவரை அவற்றைப் பிரித்துப் படிக்கவே இயலாது என்பது பின்னர் விளங்கும்.

புண்ணின் நிலம்

1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ராத் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து எஞ்சியதைக் குடலோடு இணைத்தார். அவருடைய உதவியாளர் வோல்ஃப்ளர் அதே ஆண்டில், எதையும் வெட்டியெடுக்காமல் இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கும் குறுக்குவழியைச் செய்துகாட்டினார். சிறுகுடலை ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் திருப்பி இணைக்கும் முறை 1890களில் லோசானின் சேசர் ரூ என்பவரால் நிலைபெற்றது. புற்றுக்கும் அடைப்புக்கும் எனத் தோன்றிய இம்முறைகள் விரைவில் குடற்புண்ணுக்குரிய அறுவைகளாயின.

இவ்வறுவைகள் தென்னிந்தியாவில் பெருவழக்குப் பெற்றமைக்குக் காரணம் உண்டு. முன்சிறுகுடலில் தோன்றும் புண் இங்கே மிகுதி. அது ஆறும்போது ஏற்படும் தழும்பு இரைப்பையின் வாயிலைச் சுருக்கி, உண்டதெல்லாம் மாலையில் வாந்தியாக வெளிவரும் நிலைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லும். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் இந்தியாவில் தங்கிவிட்ட ஹோவர்ட் சோமர்வெல், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளுக்குப் பெருமளவில் அறுவை செய்தார். அவரும் அவருடன் பணியாற்றிய இயன் ஆர் என்பவரும் இப்புண்ணை உணவுப் பழக்கத்தோடு தொடர்புபடுத்தி எழுதினர். குன்னூர் ஆய்வகத்தில் வட்டார உணவுகளை எலிகளுக்கு ஊட்டிச் சோதனை நடந்தது. 1964இல் மல்கோத்ரா இரயில்வே ஊழியரிடையே ஆய்ந்து, வடக்கைவிடத் தெற்கில் புண் மிகுதி என்பதை நிறுவினார். மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி 1979இல் அரிசியுண்ணும் பகுதிகளையும் கோதுமையும் சிறுதானியமும் உண்ணும் பகுதிகளையும் ஒப்பிட்டு விரிவாக எழுதினார். ஹெலிகோபாக்டர் என்னும் நுண்ணுயிரின் பங்கு அப்போது அறியப்படவில்லை.

இப்புண்ணால் துன்புற்றவர்களுள் பெரும்பாலோர் மெலிந்த உழைப்பாளிகள். அறுவை அவர்களுக்கு வாந்தியையும் வலியையும் தீர்த்தது, ஆனால் வேறு சிலவற்றைக் கொடுத்தது. இனிப்பு உண்டதும் வியர்வையும் படபடப்பும் மயக்கமும் வந்தன. இரும்புச்சத்து பெருமளவில் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தொடாமற்போனதால் இரத்தசோகை ஏற்பட்டது. பி12 உயிர்ச்சத்தும் சுண்ணமும் குறைந்து நரம்பும் எலும்பும் நலிந்தன. இரைப்பையை இழந்தோரிடம் காசநோய் மிகுதியாகத் தோன்றுவதும் அறியப்பட்டிருந்தது. இழந்த எடை பலருக்குத் திரும்பவே இல்லை.

அயோவாவில் நிகழ்ந்த திருப்பம்

மேற்கண்டவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே புதிய அறுவைக்கு வித்தானது. புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் மீண்டும் எடை ஏறுவதில்லை என்பதை அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் கருத்தூன்றிக் கவனித்தார். ஒருவருக்குத் தீங்காக இருந்த விளைவு இன்னொருவருக்கு மருந்தாகலாம் என்ற எண்ணத்தில், 1966இல் பருமனான நோயாளிகளுக்கு இரைப்பை பைபாஸ் செய்யத் தொடங்கினார். அதற்கு முன் 1950களிலிருந்து நடந்துவந்த முறை, சிறுகுடலின் மிகப்பெரும் பகுதியை ஒதுக்கிவைப்பதாகும். அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சிதைத்ததால் பின்னர் கைவிடப்பட்டது. மேசனின் இணைப்பில் பித்தநீர் மேலேறும் குறை இருந்தது. 1977இல் கிரிஃபன், ரூவின் 'ஒய்' வடிவத்தைப் புகுத்தி அதனைத் தீர்த்தார்.

நீரிழிவின் கதையும் இதே வழியில் வந்தது. புண்ணுக்காக இரைப்பை அகற்றப்பட்டவர்களுக்கு நீரிழிவு தணிந்ததை 1955இலேயே அமெரிக்க மருத்துவர்கள் மூவர் எழுதியிருந்தனர். நாற்பது ஆண்டுகள் அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1995இல் வால்டர் போரிஸ், பைபாஸ் செய்துகொண்டோருள் பெரும்பாலோர்க்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததை விரிவான தரவுகளோடு வெளியிட்ட பின்னரே இது எடைக்கான அறுவை மட்டுமன்று என்ற கருத்து வலுப்பெற்றது. புண் அறுவையும் நீரிழிவு மருத்துவமும் சென்னையில் ஒரே வளாகங்களில் அடுத்தடுத்து நடந்துவந்தவை. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு இங்கும் இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. மெலிந்தவர்களின் நோயாகப் புண்ணும், வசதி படைத்தோரின் நோயாக நீரிழிவும் எண்ணப்பட்ட காலம் அது.

இன்றைய தெரிவுகள்

இன்று நோயாளியின் முன் பெரும்பாலும் மூன்று முறைகள் வைக்கப்படுகின்றன. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீளவாக்கில் அகற்றிக் குழாய்போல் ஆக்குகின்றனர். குடலின் வழி மாறுவதில்லை. இது தனியொரு அறுவையாகத் தோன்றியதன்று. பெரிய அறுவை ஒன்றின் முதற்கட்டமாகச் செய்யப்பட்டு, அதுவே போதும் என்று கண்டபின் 2000களில் தனித்து நின்றது. 'ஒய்' வடிவப் பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறுபை மட்டும் உணவுவழியில் எஞ்சுகிறது. மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் உடலுக்குள்ளேயே ஒதுக்கப்படுகின்றன. 1997இல் ரட்லெட்ஜ் தொடங்கிய ஒற்றை இணைப்புப் பைபாஸ், நீண்ட இரைப்பைக் குழாயை ஒரே இடத்தில் சிறுகுடலோடு சேர்க்கிறது. வடிவத்தில் இது மேசனுடைய பழைய முறைக்கும், அதற்கும் முந்தைய புண் அறுவைக்கும் நெருக்கமானது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை இறுக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்து இன்று அருகிவிட்டது.

முதலிரு முறைகளையும் ஒப்பிட்ட இரு ஐரோப்பிய ஆய்வுகள் 2018இல் ஐந்தாண்டு முடிவுகளை வெளியிட்டன. பின்லாந்தில் மிகையெடையில் குறைந்தது ஸ்லீவில் 49 விழுக்காடு, பைபாஸில் 57. சுவிட்சர்லாந்து ஆய்வில் எடை வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஆனால் நெஞ்செரிச்சல் மோசமானது ஸ்லீவ் செய்துகொண்டோருள் 31.8 விழுக்காட்டினருக்கும் பைபாஸ் செய்துகொண்டோருள் 6.3 விழுக்காட்டினருக்கும். எடையை மட்டும் வைத்துத் தெரிவு செய்வது எத்துணைக் குறுகிய நோக்கு என்பதற்கு இவ்வெண்களே சான்று.

யாருக்கு அறுவை என்ற வரம்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. 1991இல் அமெரிக்கா வகுத்த உடல் நிறை எண் 40, இணைநோய் இருப்பின் 35. இந்தியர்க்கு அவை 37.5, 32.5 எனக் குறைக்கப்பட்டன. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 32.5 என்பது ஏறத்தாழ 83 கிலோ. 2022இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் ஆசியர்க்கு 27.5 முதலே அறுவையைக் கருதலாம் என்கிறது. அதே உயரத்தில் அது ஏறத்தாழ 70 கிலோ. இராயபுரம் சந்தைத் தெருவில் நடப்போரில் அத்தகைய உடல்வாகு உடையோரை எவரும் பருமன் என்று சொல்லமாட்டார்கள்.

வடசென்னையில் தெரிவு

இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் நிலப்பகுதி துறைமுகம், மீன்பிடித்தொழில், வாகனத் தொழிற்சாலைகள், அனல்மின் நிலையங்கள் ஆகியவற்றைச் சார்ந்தது. நிரந்தரப் பணியாளருக்குத் தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவம் உண்டு. நாட்கூலியிலும் ஒப்பந்தத்திலும் உழைப்போர்க்கு மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலி இழக்கும் நாளாகும். பைபாஸ் செய்துகொண்டவர் இரும்பு, பி12, சுண்ணம், டி உயிர்ச்சத்து ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொண்டு, ஆண்டுதோறும் குருதிச் சோதனை செய்துகொள்ளவேண்டும். ஸ்லீவுக்கும் இக்கட்டுப்பாடு உண்டெனினும், முன்சிறுகுடல் உணவுவழியில் நீடிப்பதால் இழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. அறுவைக்கு முன்னரே சோகையுற்ற பெண்ணுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

புகைப்பழக்கம் இன்னொரு கூறு. பைபாஸ் இணைப்பின் விளிம்பில் தோன்றும் புண்ணுக்குப் புகையும் வலிநிவாரணி மாத்திரைகளும் முதன்மைக் காரணங்கள். சுமை தூக்கி முதுகுவலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவர், பீடியை விட இயலாதவர் ஆகியோர்க்குப் பைபாஸ் பொருந்துவது கடினம். அதே தொழிலாளிக்கு நெடுநாள் நெஞ்செரிச்சலும் கட்டுக்கடங்கா நீரிழிவும் இருப்பின் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. துறைமுக வாயிலில் இரு வேலைகளுக்கு நடுவே குடிக்கும் சர்க்கரைத் தேநீரும் இங்கே பொருட்படுத்தவேண்டியதே. பழைய புண் நோயாளிகளைப் படபடக்க வைத்தது இத்தகைய இனிப்புத்தான்.

ஐரோப்பிய ஆய்வுகள் அதிகம் கருதாத ஒன்று சென்னைக்கு உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு 1980களில் தொடங்கியதிலிருந்து, சென்னை ஆண்களிடம் இரைப்பைப் புற்று பிற இந்தியப் பெருநகரங்களைவிட மிகுந்திருந்ததைக் காட்டிவந்துள்ளது. பைபாஸில் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்குள் வழக்கமான உள்நோக்கியைச் செலுத்த இயலாது. இரைப்பைப் புற்று மிகுந்த ஜப்பானில் ஸ்லீவ் முறை முன்னிடம் பெற்றமைக்கும், ஸ்லீவோடு குடல் மாற்றத்தை மட்டும் சேர்க்கும் கலப்புமுறை அங்கே வளர்ந்தமைக்கும் இதுவே காரணம். சென்னையில் அறுவைக்கு முன் உள்நோக்கிச் சோதனையும் ஹெலிகோபாக்டர் சிகிச்சையும் வெறும் சடங்காகிவிடலாகாது என்பதற்கு இப்பதிவேடே போதுமான சான்று.

குடற்புண் அறுவை இன்று அரிதாகிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் வந்த சிமெடிடினும், பின்னர் ஒமெப்ரசோலும், 1980களில் மார்ஷலும் வாரனும் கண்ட ஹெலிகோபாக்டருக்கான மருந்தும் அதற்கான தேவையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. 2025இல் டிர்செபடைடும் செமாகுளுடைடும் எடைக்குறைப்பு ஊசிகளாக இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. பருமன் அறுவையின் தேவையை அவை எந்த அளவுக்குக் குறைக்கும் என்பது விலையையும் பொறுத்தது. புண்ணுக்கு மாத்திரை வந்தபோது புதிய நோயாளிகள் அறுவையிலிருந்து தப்பினர். முன்பே வெட்டப்பட்டவர்களோ இரும்பு மாத்திரையும் பி12 ஊசியுமாகத் தம் எஞ்சிய ஆண்டுகளைக் கழிக்க வேண்டியவர்களாயினர்.