பழைய பிரெய்லி கருவி தூசி பிடிச்சுக் கிடக்கா? புது லேப்டாப்போட இப்படி இணைக்கலாம்!

திரையில் இருக்கும் வரியைக் குட்டிக் குட்டிப் புள்ளிகளா எழுப்பி, விரலால் படிக்க வைக்கும் கருவிதான் பிரெய்லி டிஸ்ப்ளே. புதுசா வாங்கப் போனா, பல மாடல்களுக்கு ஒரு நல்ல லேப்டாப்பைவிட அதிக விலை சொல்வாங்க. அதனால, பள்ளியிலோ வீட்டிலோ பழைய கருவி ஒண்ணு சும்மா கிடந்தா, 'இதோட ஒயர் எந்த லேப்டாப்லயும் சேராது'னு தூக்கிப் போட்டுடாதீங்க.

"அதான் கம்ப்யூட்டரே வாசிச்சுக் காட்டுதே, பிரெய்லி எதுக்கு?"னு கேட்கலாம். 'மனம்', 'மணம்' ரெண்டையும் குரல் வேகமா வாசிச்சா, காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பிரெய்லியில் ன, ண ரெண்டுக்கும் தனித்தனிப் புள்ளிகள். பரீட்சையில் பிழையில்லாம எழுதணும்னா விரலால் படிச்சே ஆகணும்.

பிரச்னை எங்கே?

பழைய கருவிகளின் பின்னால் 9 பின் கொண்ட சீரியல் போர்ட் இருக்கும். 1960-களில் வந்த ஆர்.எஸ்-232 என்ற முறையில் அது பேசும். இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில் அந்த போர்ட்டே கிடையாது. ஆக, பல நேரம் கெட்டுப்போனது கருவி இல்லை, வாசல்தான் அடைபட்டிருக்கு. பேட்டரி செத்திருந்தாலும், கரன்ட்டில் போட்டு ஒருமுறை பாருங்க.

என்ன வாங்கணும்?

'யூ.எஸ்.பி டு ஆர்.எஸ்-232' கன்வெர்ட்டர். எஃப்.டி.டி.ஐ சிப் உள்ளதா கேளுங்க. பழைய புரோலிஃபிக் சிப்களையும் போலிகளையும் விண்டோஸ் 11 ஏற்காமல் போகலாம். எலெக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட்டுக்கு விற்கும் 'டி.டி.எல்' போர்டை மட்டும் வாங்கிடாதீங்க. அது 5 வோல்ட்டுக்குள் வேலை செய்வது, ஆர்.எஸ்-232-ல் ப்ளஸ், மைனஸ் 15 வோல்ட் வரை வரலாம். போர்டு புகைஞ்சிடும். கருவியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்க. வேற கேபிளில் உள்ளே ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம்.

எப்படி இணைக்கிறது?

1. கன்வெர்ட்டரைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' பகுதியைத் திறங்க. 'காம் 3' மாதிரி ஒரு எண் தெரியும். குறிச்சுக்கோங்க.

2. என்.வி.டி.ஏ-வை இறக்குங்க. ஆஸ்திரேலியாவில் 2006-ல் மைக்கேல் கர்ரன் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்த இலவச ஸ்கிரீன் ரீடர் இது. இருவருமே பார்வையற்றவர்கள்.

3. இன்சர்ட், கன்ட்ரோல், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினா, டிஸ்ப்ளேவைத் தேர்வு செய்யும் பெட்டி வரும். 'ஆட்டோமேட்டிக்'கை நம்பாதீங்க, அது யூ.எஸ்.பி, புளூடூத் கருவிகளைத்தான் தேடும். கருவியின் பெயரையும் காம் எண்ணையும் நீங்களே தேர்வு செய்யணும்.

4. பிரெய்லி செட்டிங்ஸில் தமிழ் அட்டவணையைத் தேர்வு செய்யுங்க.

பட்டியலில் உங்க மாடல் இல்லையா? பி.ஆர்.எல்.டி.டி.ஒய் என்ற இன்னொரு இலவச மென்பொருள் பல பழைய மாடல்களைத் தெரிஞ்சு வெச்சிருக்கு. லினக்ஸ், விண்டோஸ் ரெண்டிலும் ஓடும்.

நேற்று வேலை செஞ்சது இன்னைக்கு நின்னுடுச்சா? கன்வெர்ட்டரை வேற யூ.எஸ்.பி துளையில் மாற்றிச் செருகியிருப்பீங்க. அப்படி மாற்றினா காம் எண்ணும் மாறலாம். எப்பவும் ஒரே துளை நல்லது.

சித்தேரி மாதிரி மலை ஊரா?

தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையில் உங்க சொந்தக்காரப் பையனுக்கோ தோழிக்கோ அமைச்சுத் தரப் போறீங்கன்னா, அரூரிலேயே முக்கால்வாசி வேலையை முடிச்சுடுங்க. கன்வெர்ட்டரை முதல்முறை செருகும்போது விண்டோஸ் பெரும்பாலும் டிரைவரை நெட்டிலிருந்துதான் எடுக்கும். அதனால லேப்டாப்பில் ஒருமுறை செருகிப் பார்த்து, என்.வி.டி.ஏ-வையும் டிரைவரையும் பென் டிரைவில் ஏற்றிக்கோங்க. அதுக்கப்புறம் படிக்க நெட்டே வேண்டாம். சிக்னல் இல்லாத வீட்டிலும் கருவி வேலை செய்யும்.

முக்கியமா, எல்லாத்தையும் நீங்களே செட் பண்ணிட்டுக் கிளம்பிடாதீங்க. காம் எண்ணை எங்கே பார்க்கணும், எப்படி மாற்றணும்னு பயன்படுத்தப் போறவங்க கையாலேயே ரெண்டு தடவை செய்ய வைங்க. அடுத்த வாரம் கருவி நின்னுபோனா, உங்களுக்காகக் காத்திருக்காம அவங்களே சரிபண்ணிப் படிப்பைத் தொடரணும் இல்லையா?