ஞாயிற்றுக்கிழமைக் கடையும் அதில் நிற்கும் பெண்ணும்

போச்சம்பள்ளிச் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் இருந்து ஆடும் கோழியும் புளியும் தானியமும் காய்கறியும் அன்றுதான் அங்கே வந்து இறங்கும். சுற்றுப்பட்டில் வேறு ஊர்ச் சந்தைகள் வேறு கிழமைகளில் கூடும். வியாபாரி ஊர் ஊராகச் சுற்றி வர வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு இது. கூடையோடு உட்காரும் பெண்ணுக்கு ஞாயிறு ஓய்வு நாளாக இருந்ததே இல்லை. வாரத்தில் கையில் காசு புழங்கும் நாளாகவே அது இருந்து வந்திருக்கிறது. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா, எவ்வளவு நேரம் திறக்கலாம்?" என்ற கேள்வியை இந்த வட்டாரத்தில் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். கடை திறந்துதானே இருக்கிறது!

சிரித்துவிட்டு நகர முடியாத காரணம் ஒன்று உண்டு. சந்தைப் பெண் தன் கூடைக்குத் தானே முதலாளி. நெல்லு நடவு இருந்தால் ஒரு வாரம் வராமல் இருப்பாள். ஓசூர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்ணால் அப்படி இருக்க முடியாது. இருவருக்கும் ஞாயிறு வேலை நாள்தான், ஆனால் இரண்டும் ஒரே வேலை நாள் அல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, ஞாயிறு எப்படி விடுமுறை ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையை வெள்ளைக்காரன் தானாகக் கொடுத்துவிடவில்லை. ஜோதிராவ் புலேயின் தோழரும் 'தீனபந்து' இதழை நடத்தியவருமான நாராயண் மேகாஜி லோகாண்டே, 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது ஞாயிறு விடுமுறை. ஏறத்தாழ 5,500 பேர் அந்த மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆறு ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 1890 ஏப்ரல் 24 அன்று பம்பாயில் பத்தாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினார்கள். அவர்கள் பேசினார்கள் என்பதை வரலாற்று நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. "இரண்டு பெண்கள்" என்ற எண்ணிக்கையோடு பெரும்பாலும் நிறுத்தியும் விடுகின்றன. அதே ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கியது. மறு ஆண்டு, 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாராந்திர விடுமுறையை எழுத்தில் ஏற்றி, பெண்களின் வேலை நேரத்தைப் பதினொரு மணியாக வரையறுத்தது.

ஆலைக்குக் கிடைத்தது கடைக்குக் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. கிடைத்ததும் வேறு மாதிரிதான். 1942-இல் வந்த வாராந்திர விடுமுறைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1947-இல் வந்த சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும், கடை வாரத்தில் ஒரு நாள் முழுதும் மூடியிருக்க வேண்டும் என்றன. எந்த நாள் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்து பலகையில் எழுதி மாட்டலாம். ஓராண்டு கழித்து வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பாருங்கள். வாரம் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்குகிறது என்று அது வரையறுக்கிறது. வாரத்தின் முதல் நாளில் வேலை வாங்கக்கூடாது என்கிறது. மாற்று நாள் கொடுத்தால் வாங்கலாம் என்ற விலக்கு இருந்தது உண்மை. ஆனாலும் அளவுகோல் ஞாயிறுதான், விலகினால் முதலாளிதான் காரணம் காட்ட வேண்டும். ஆக, அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இரண்டு சட்டங்களில், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஞாயிறு என்று பெயர் சொல்லி ஒரு நாளும், கடைத் தொழிலாளிக்குப் பெயரில்லாத ஒரு நாளும் கிடைத்தன.

அன்றைக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிந்திருக்காது. கடை என்றால் பெரும்பாலும் குடும்பம் நடத்தும் கடை, உடன் நிற்பவர்கள் சம்பளப் பையன்கள். வாரத்துக்கு ஒரு நாள் மொத்தக் கடையும் மூடினால், அது எந்தக் கிழமையாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு. இந்த "எல்லோருக்கும் ஒரே நாளில்" என்பதுதான் பின்னால் கழன்று போனது.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஊராக அது மாறியது. கடந்த சில ஆண்டுகளில் வந்த மின்னணு, மின் ஸ்கூட்டர் ஆலைகள் பெண்களையே பெரும்பகுதியாக வேலைக்கு எடுக்கின்றன. போச்சம்பள்ளி அருகே தனது ஆலையைப் பத்தாயிரம் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. தருமபுரி, சேலம், திருவண்ணாமலையிலிருந்தும் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள் விடுதிகளிலும், நான்கைந்து பேராகச் சேர்ந்து எடுத்த வாடகை அறைகளிலும் இருக்கிறார்கள். கம்பெனி பேருந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறது. ஆறு நாளும் ஷிஃப்ட். சோப்பு, நாப்கின், செல்போன் ரீசார்ஜ், ஊருக்குப் போகும்போது தம்பிக்கு ஒரு சட்டை என எல்லாமே அந்த ஒரு நாளில் வாங்கியாக வேண்டும். ஞாயிறு மாலை தளி சாலையிலும் பாகலூர் சாலையிலும் கூட்டம் முண்டுவது இதனால்தான்.

அந்தக் கூட்டத்துக்குத் துணி எடுத்துக் கொடுப்பதும், பில் போடுவதும், அழகு நிலையத்தில் புருவம் திருத்துவதும் அதே வயதுப் பெண்கள். அதே கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அக்காவுக்குக் கம்பெனி வேலை கிடைத்திருக்கும், தங்கைக்குக் கடை வேலைதான் கிடைத்திருக்கும். அக்காவின் ஞாயிறு, தங்கை நின்றால்தான் நடக்கும். பெண்ணியக் கண்ணோட்டத்தில் இந்தக் கேள்வி சிக்கலாவது இங்கேதான். "ஞாயிறு கடையை மூடு" என்றால் கம்பெனிப் பெண்ணின் ஒரே சுதந்திர நாளில் கதவை அடைக்கிறோம். "திறந்து வை" என்றால் கடைப் பெண்ணின் ஞாயிறை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கிறோம். முதலாளி இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

அரசு இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் எளிமையானது. ஒன்றிய அரசு 2016-இல் ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. அந்த வழியில் தமிழ்நாடு 2019-இல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டின் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு ஆணையிட்டு, 2022-இல் அதை நீட்டித்தது. ஜூஜூவாடிக்கு அந்தப்பக்கம், அத்திப்பள்ளியிலும் இதே நிலைமைதான்: கர்நாடகம் 2021 ஜனவரியில் இதே போன்ற அனுமதியைக் கொடுத்தது. "இங்கே மூடினால் வாடிக்கையாளர் பெங்களூருக்குப் போய்விடுவார்" என்று இந்தப்பக்கமும், "ஓசூருக்குப் போய்விடுவார்" என்று அந்தப்பக்கமும் சொல்லிக்கொள்ளலாம். எல்லைப்புற ஊர்களில் எந்தத் தொழிலாளர் உரிமையையும் பேச விடாத வாதம் இது.

2019 ஆணையில் நல்ல நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுப்பு. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி; கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக்கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் பெண்ணை வேலைக்கு வைக்க அவள் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். போக்குவரத்து, கழிப்பறை, ஓய்வறை, பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு வேண்டும். விடுப்பில் இருப்பவர்களின் பட்டியலைக் கடையில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கடைகள் இந்த ஆணைக்குள் வருவதில்லை. அந்தக் கடைகளுக்கு 1947 சட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் சின்னக் கடைகள் வாரத்தில் ஒரு நாள் முழுதாக மூடிக் கிடப்பதை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"சுழற்சி முறை" என்ற அந்த இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் விடுப்பு இருந்தால் போதும், செவ்வாயும் ஞாயிறும் ஒன்றுதான் என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. எண்ணிக்கையில் ஒன்றுதான். வாழ்க்கையில் அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை விடுப்பில் வீட்டில் இருக்கும் பெண் தனியாக இருக்கிறாள். பிள்ளை பள்ளியில், கணவன் வேலையில், தோழிகள் ஷிஃப்டில். அன்றைக்கு அவள் செய்வது துணி துவைப்பதும், மாவாட்டுவதும், ரேஷன் கடைக்குப் போவதும். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்றது. ஐந்தாண்டு கழித்து 2024-இல் அது 289-உம் 88-உம் ஆனது. இரண்டும் குறைந்தன, இடைவெளி அப்படியே நின்றது. ஞாயிறு விடுப்பு வீட்டு வேலையை ஒழித்துவிடாது. கறி எடுத்துச் சமைக்கும் நாள் என்பதால் அடுப்படி வேலை அன்று கூடவே செய்யும். ஆனால் பிள்ளையோடு இருக்கவும், அம்மா வீட்டுக்குப் போகவும், கல்யாணத்துக்குத் தலைகாட்டவும், சங்கக் கூட்டத்துக்குப் போகவும் அந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் இல்லை. பம்பாய்த் தொழிலாளர்கள் கேட்டது இருபத்து நான்கு மணி நேரத்தை மட்டுமல்ல, ஒருவரையொருவர் சந்திக்கும் நாளையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2023-இல் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் ஏப்ரல் 21 அன்று நிறைவேறியபோதும், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று இதே எண்கணிதம்தான் விற்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்ப, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சாலைக்கு அப்படிக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. கடைப் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் அத்தகைய சங்கம் அரிது.

எல்லாக் கடையும் ஞாயிறு மூடினால் எப்படி இருக்கும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. 2020 ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் ஞாயிறுகளில் முழு ஊரடங்கு. 2022 ஜனவரி 9, 16, 23 ஆகிய ஞாயிறுகளிலும் அப்படியே. சனிக்கிழமை மாலை இறைச்சிக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கூட்டம் பிதுங்கியது. தேவை மறையவில்லை, ஒரு நாள் முன்னால் நகர்ந்தது. சனிக்கிழமை ஷிஃப்டில் இருந்தவளுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. கட்டாயமாக மூடச் சொல்வதை நான் ஆதரிக்காததற்கு இது ஒரு காரணம். போச்சம்பள்ளிச் சந்தை இன்னொரு காரணம்.

இங்கிலாந்தின் அனுபவம் இந்த இடத்தில் உதவும். பதினான்கு வயதில் கடையில் வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, 1890-களில் கடைப் பெண்களின் நிலையை உள்ளிருந்தே ஆராய்ந்து, 'கிரேஸ் டேர்' என்ற புனைபெயரில் எழுதினார். கடைக்காரர் கொடுக்கும் அறையில் தங்கி, அவர் போடும் சோற்றைத் தின்று, அபராதத்துக்குச் சம்பளத்தை இழந்த பெண்களின் கதை அது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் ரங்கநாதன் தெருவைக் காட்டியபோது நாம் அதிர்ந்தது, நூறாண்டுக்கு முன் லண்டனில் பதிவான அதே ஏற்பாட்டைக் கண்டுதான். 1929-இல் பாண்ட்ஃபீல்டு பிரிட்டனின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினர் ஆனார், அதுவும் தொழிலாளர் துறைக்கு. பின்னால் 1986-இல் தாட்சர் அரசு ஞாயிறு வியாபாரத்தை முழுதாகத் திறந்துவிட முயன்றபோது, கடைத் தொழிலாளர் சங்கமும் தேவாலயங்களும் கைகோத்தன. மசோதா 14 வாக்குகளில் தோற்றது. 1994-இல் ஒரு சமரசம் வந்தது. சின்னக் கடைகள் விருப்பம்போல் திறக்கலாம். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை ஆறு மணி நேரம் மட்டும். கூடவே, ஞாயிறு வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை கடைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. அந்த ஆறு மணி நேரத்தைக் கூட்ட 2016-இல் நடந்த முயற்சியையும் நாடாளுமன்றம் 317-க்கு 286 என்று தோற்கடித்தது.

எழுதிக் கொடுக்கும் உரிமை இருந்தாலும் மேலாளர் முகம் சுளித்தால் எத்தனை பேர் எழுதுவார்கள் என்பது நியாயமான சந்தேகம். ஆனால் நம் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் கடைப் பெண்களைத் திரட்டிக் கேட்டது என்ன? கழிப்பறையும், உட்கார ஒரு நாற்காலியும். முதலில் அதையும் கேலி செய்தார்கள். 2018-இல் கேரளச் சட்டம் மாறியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் இருக்கை உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. நாள் முழுதும் நின்றே வேலை பார்க்க வேண்டும் என்பது இயற்கை விதிபோல் இருந்தது, பிறகு இல்லாமல் போனது.

ஞாயிறு விஷயத்தில் என் கோரிக்கையும் அந்த அளவில்தான். கடை திறந்திருக்கட்டும். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் கேட்கும் எழுத்துமூலச் சம்மதத்தை ஞாயிறு வேலைக்கும் கேட்க வேண்டும். சம்மதித்தவளுக்கும் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது விடுப்பு வேண்டும். ஞாயிறு மாலை ஒரு நேரத்தோடு ஷட்டர் இறங்க வேண்டும். வியாபாரம் படுத்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று: ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்துக்குக் கடைக்காரர்கள் கடையை மூடிவிட்டு மாநாட்டுக்குப் போகிறார்கள். யாரும் திவாலானதாகச் செய்தி இல்லை.

அவசரம் என்னவென்றால், தொழிற்சாலையின் ஞாயிறும் இப்போது பெயரை இழக்கிறது. 1948 சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில், ஏழாவது நாள் எது என்று அது சொல்லவில்லை. கம்பெனி அக்காவும் இனி சுழற்சிப் பட்டியலில் தன் பெயரைத் தேட வேண்டிவரலாம். கடையில் அந்தப் பட்டியலை ஒட்ட வேண்டும் என்பது 2019 ஆணையின் நிபந்தனை. பில் போடும் வரிசையில் நிற்கும்போது அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று நாம் கேட்கலாம். ஒட்டியிருந்தால், ஞாயிறுக்கு நேரே எத்தனை பெண்களின் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.